கிட்டப் போகாதேங்கோ

இல்லைப் பிள்ளை, உருவத்தைப் பாத்துச் சொல்லாதேங்கோ. ஈர்க்கில் மாதிரி மெலிஞ்ச மனுசன், உங்கட நேர்ஸிங் ஹோமில இருக்கிற பெடியள் ஒரு கையால பிடிச்சிடுவினம் எண்டுறியள். உப்பிடித்தான் முந்தி இஞ்ச வீட்டுக்கு உதவிக்கு வந்தவனும் சொன்னவன். கதவளவு ஆள். குளிக்க வாக்கிறன் எண்டு பின்னால வந்து இவரை இறுக்கிப் பிடிச்சான். இவர் இடுப்பை ஒருக்காத் திருப்பினதைத்தான் நான் கண்டனான். பாத்தா, அவன் நிலத்தில இருந்து மூக்கைப் பொத்திக்கொண்டிருக்கிறான். அதுக்குப் பேந்து அவன்ர கொம்பனி ஒருத்தரையும் அனுப்பேல்லை.

தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறப்போகுது. அவர் நித்திரை, இப்ப எழும்பமாட்டார். நிரூபா எண்டுதானே பேர் சொன்னனீங்கள்?

உங்களுக்கு ஆரும் சொல்லேல்லையோ? என்ர மனுசன் றெமிஜியஸ் எண்டா அந்த நாளையில மன்னாரில பொக்சிங் பாக்கிற எல்லாருக்கும் தெரியும். இஞ்ச கனடாவுக்கு வந்தும் விடேல்லை. வேலை முடிய வெக்ஸ்போர்ட்டில ஒரு பேஸ்மென்ற் ஜிம்முக்கு ஓடிடுவார். போட்டியெண்டா நிறை பாத்துத்தான் விடுவினம், சும்மா பழகேக்க அதையெல்லாம் ஆர் பாக்கிறது? பிறம்ரனில லொறி ஓடுற ஒருத்தன் வருவான், இவரைப்போல ரெண்டு மடங்கு. நான் ஒருநாள் சாப்பாடு குடுக்கப் போனனான், மாதாவே எண்டு கண்ணைப் பொத்திக்கொண்டு நிண்டன். கொஞ்சத்தால விரலுக்கால பாத்தா, அவன் காத்துக்குக் குத்திக் குத்திக் களைச்சுக் கயித்தில சாஞ்சு நிக்கிறான். இவர் சிரிக்கிறார். காரில வரேக்க சொன்னார், அவன் குத்துற இடத்தில நான் நிண்டாத்தானேயப்பா அவன்ர பெலம் பெலம் எண்டு.

இப்ப அந்த மூளையில ஒண்டும் இல்லை. மகள் செரீனா விட்பியில இருந்து வந்தா, இது ஆர் பிள்ளை எண்டு என்னட்டக் கேக்கிறார். சாப்பிட்டது ஞாபகமில்லை, ரொயிலெற் எந்தப் பக்கமெண்டு தெரியாது. கை மட்டும் ஒண்டையும் மறக்கேல்லை. ஆரும் கெதியாக் கிட்ட வந்தாக் காணும், ரெண்டு கையும் மேல வந்திடும். கோவத்தில இல்லைப் பிள்ளை. கலியாணம் கட்டின நாள் துவக்கம் என்னில கை வைச்ச மனுசன் இல்லை. அவர் றிங்குக்குள்ள நிக்கிறார், அவ்வளவுதான். முன்னால நிக்கிறது ஆரெண்டு அவருக்குத் தெரியேல்லை.

நான் எப்பிடிச் சமாளிச்சனானோ? அவற்ற வாயால கேட்டுக் கேட்டுப் படிச்சதுதான். தோள் லேசா அசைஞ்சாக் குத்து வரப்போகுது எண்டு அர்த்தம், உடன மற்றப் பக்கம் விலகிடுவன். இந்த முழங்கால் வருத்தத்தோட. சிரியுங்கோ, பரவாயில்லை, எனக்கும் சிரிப்பு வாறதுதான். அஞ்சடியும் இல்லாத மனுசி, ஒரு சம்பியனை வீட்டுக்குள்ள ஏமாத்திக்கொண்டு திரிஞ்சன்.

உந்தத் தண்ணி குடிக்கிற சில்வர் பேணியையும் கரண்டியையும் எடுங்கோ. இதுதான் முக்கியம். தட்டினா, றவுண்ட் முடிஞ்சு மணி அடிச்சிட்டுது எண்டு நினைப்பார். கையைக் கீழ விட்டிட்டு, தானாப் போய் மூலைக் கதிரையில இருந்து வாயைத் திறப்பார். அப்பத் தண்ணி குடுக்கலாம், குளிசை குடுக்கலாம், முகம் துடைச்சு உடுப்பு மாத்தலாம். பேணியைத் தட்டாமக் கிட்டப் போகாதேங்கோ. படுக்க வைக்கேக்க அவற்ற வலக்கையைப் பிடிச்சு மேல தூக்கி, நீங்கள்தான் வெண்டது எண்டு சொல்லோணும், இல்லாட்டி நித்திரை கொள்ளமாட்டார். தமிழ் தெரியாத ஆக்கள் கையை மட்டும் தூக்கினாலும் காணும். கட்டிலோட கட்டிப்போடாதேங்கோ, பிள்ளை. ஊசி போட்டுக் கிடத்தாதேங்கோ. அவருக்கு அந்த மணியில மரியாதை இருக்கு. தட்டுவம் எண்டு எனக்கு ஒரு வாக்குத் தாங்கோ.

என்ன, என்ர கண்ணோ? செரீனா சொல்லிப்போட்டாள் போல. அவளுக்கு நான் அலுமாரிக் கதவு எண்டுதான் சொன்னனான், நம்பேல்லை. ஓம், அவற்ற கைதான். இல்லை, இனி அந்தக் கண் தெரியாதாம். டொக்டர் சொல்லிப்போட்டார்.

விலகத் தெரியாம இல்லைப் பிள்ளை. தோள் அசைஞ்சதைக் கண்டனான். பேணியும் கையிலதான் இருந்தது. ஆனா அதுக்குக் கொஞ்சம் முன்னம் என்னை வடிவாப் பாத்து, வேரோனிக்கா எண்டு கூப்பிட்டவர். எவ்வளவு காலத்துக்குப் பிறகு என்ர பேர் அந்த வாயில வந்தது. எனக்கு எல்லாம் மறந்துபோச்சு. என்னப்பா எண்டு கிட்டப் போய், முகத்தை நீட்டினன்.

அடிக்கிறார் எண்டதுக்காக அவரை உங்களிட்ட விடுறன் எண்டு நினைக்காதேங்கோ. அடியை நான் சமாளிப்பன். ஆனா இன்னொருக்கா அவர் அப்பிடிக் கூப்பிட்டா, நான் இன்னொருக்காவும் கிட்டப் போவன். மற்றக் கண்ணும் போனா, பிறகு ஞாயிறில வந்து அவரை எப்பிடிப் பாக்கிறது?