உங்க டீமா, எங்க டீமா

இல்லக்கா, நான் கையெழுத்துப் போட மாட்டேன். பேப்பர நீட்டிக்கிட்டே நின்னா உங்களுக்குக் கைதான் வலிக்கும். உக்காருங்க. அந்த ஸ்டூல் வேணாம், ஒரு கால் ஆடும். இந்தப் பெட்டி மேல உக்காருங்க, உள்ள வெறும் துணிதான். நான் வேலைய நிறுத்த முடியாது, தப்பா எடுத்துக்காதீங்க. அஞ்சு மணி வண்டிக்கு இந்தப் பார்சல் குவியல் மொத்தத்தையும் ஸ்கேன் பண்ணி ஏரியா வாரியாப் பிரிச்சாகணும். அக்கான்னே கூப்புடலாம்ல? ஓ, எங்க அம்மாவ விட ஒரு வயசுதான் கம்மியா? அப்ப ஆன்ட்டி. சரி சரி, மொறைக்காதீங்க. அக்காதான்.

எனக்குப் புரியுது நீங்க எதுக்கு வந்தீங்கன்னு. புது இன்டோர் பேஸ்கட்பால் கோர்ட்டு கட்டியாச்சு, உள்சுவத்துல ஒரே ஒரு டீம் பேரு எழுதப் போறாங்க. ஸ்கூலோட எல்லாக் காலத்துக்கும் சிறந்த டீம். கடைசி ரவுண்டுல ரெண்டு டீம். இருவத்தெட்டு வருஷத்துக்கு முந்தின உங்க டீம், போன வருஷத்து எங்க டீம். ரெண்டு கேப்டனும் பேசி ஒரே டீமுக்குக் கையெழுத்துப் போடணும்னு ஹெட்மாஸ்டர் சொல்லிட்டாரு. எவ கூடயும் எவளும் சண்டைக்கு வரக் கூடாதுல்ல, அதான். நீங்க என்னடான்னா எங்க டீமுக்கே கையெழுத்துப் போட்டுட்டு வந்து நிக்கிறீங்க. நாளைக்கு பெயின்டர் வந்துருவாரு. இன்னிக்குள்ள ஒத்து வரலன்னா மூத்த டீம் பேரத்தான் எழுதுவாங்க. இவ்வளவுதானே? நல்லதாப் போச்சு. எழுதட்டும்.

எனக்கு என்ன பைத்தியமா? இல்ல. எனக்குக் கணக்கு தெரியும்.

உங்க டீமப் பத்தி எனக்கு எல்லாம் தெரியும்க்கா. ஸ்போர்ட்ஸ் ரூம்ல உங்க ஸ்கோர் புக் இன்னும் இருக்கு. அட்டை போயிருச்சு, ஓரத்த எலி கடிச்சிருக்கு. எங்கள திட்டணும்னா கோச் சார் அந்தப் புக்கத்தான் எடுப்பாரு. வரிசையா நிக்க வெச்சு சத்தமா வாசிப்பாரு. இந்தப் புள்ளைங்க ஃபைனல்ல எதிர் டீமுக்கு எத்தன பாயின்ட் குடுத்தாங்க தெரியுமா, பத்தொம்போது, நீங்க அத மொத கால் மணியிலயே தானம் பண்ணிட்டீங்கடின்னுவாரு. நாப்பத்தொண்ணு பத்தொம்போது. சரிதானே? பாருங்க, உங்களுக்கே மறந்திருக்கு. எனக்குத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரும்.

எங்க ஃபைனல் அறுவத்திரண்டு அறுவத்தொண்ணு. ஆமா, ஜெயிச்சோம். ஆனா கேளுங்க. உங்க காலத்துல நம்ம கிரவுண்டுல மூணு பாயின்ட் கோடே இல்ல. எங்கருந்து போட்டாலும் ரெண்டுதான். நாங்க அந்த மேட்ச்ல பதினோரு தடவ கோட்டுக்கு வெளியருந்து போட்டிருக்கோம். அவங்க ரெண்டே ரெண்டு. இப்ப அந்தக் கோட்ட அழிச்சுருங்க. நாங்க அம்பத்தொண்ணு, அவங்க அம்பத்தொம்போது. தோத்துட்டோமா? எட்டுப் பாயின்ட்டுல தோத்துட்டோம். ஒரு பெயின்ட் டப்பா புண்ணியத்துல ஜெயிச்ச டீம்க்கா நாங்க.

அது அந்தக் காலத்து ரூல், இது இந்தக் காலத்து ரூலா? இருக்கட்டும். அப்ப ஒரு மேட்ச் வெச்சுப் பாப்போம். மொதப் பாதி உங்க ரூல், அடுத்த பாதி எங்க ரூல். உங்க ரூல்ல என்ன இருக்கு? மண் தரை. சுண்ணாம்புல கோடு. ரிங்குக்கு வலை கெடையாது. தோல் பந்து, ஈரம் பட்டா ஊறிப் போய் பூசணிக்கா மாதிரி ஆயிரும். நாங்க அந்தப் பந்த ரெண்டு தட்டு தட்டினா மூணாவது தட்டுக்கு அது எழும்பாது. எங்கள்ல பாதிப் பேரு பளபளன்னு தரை இல்லன்னா ஷூ அழுக்காகும்னு ஓரமா நிப்பாளுங்க. மொதப் பாதியிலயே நீங்க எங்கள மூட்டை கட்டி அனுப்பிருவீங்க.

அடுத்த பாதியா? எங்க தரையில நீங்க இன்னும் வேகமா ஓடுவீங்க, அவ்வளவுதான். மண்ணுல ஓடுனவளுக்கு சிமென்ட்டு என்ன கஷ்டம்? கோட்டுக்கு வெளியருந்து போடுறத ஒரு வாரத்துல கத்துக்கலாம். மேல வந்து ஒட்டிக்கிட்டே மறிச்சு ஆடுறீங்களே, அத ஒரு வாரத்துல கத்துக்க முடியாது.

நீங்க ஏன்க்கா உங்க டீமயே இப்படி மட்டம் தட்டுறீங்க? ஒரு மேட்ச் தோத்தீங்க, சரி. மூணு வருஷத்துல ஒண்ணு. அதுவும் அடமழையில. நாங்க பத்தொம்போதுக்குப் பத்தொம்போது ஜெயிச்சோம்னு ஊரே தலையில தூக்கி வெச்சு ஆடுச்சு. அதுல நாலு டீம் மேட்சுக்கே வரல. வராதவள ஜெயிக்கிறதுக்கு என்ன தெறம வேணும்? இன்னும் ரெண்டு டீம்ல கோச்சே கெடையாது, சயின்ஸ் டீச்சர் விசில் ஊதிக்கிட்டு இருந்தாங்க. எங்க ஸ்கூல்ல இத யாரும் வெளிய சொல்ல மாட்டாங்க. நான் சொல்லுவேன். நான்தான் இப்ப ஸ்கூல்லயே இல்லையே.

அதுவா? பன்னெண்டாவது பாதியில விட்டுட்டேன். காரணமெல்லாம் பெருசா ஒண்ணும் இல்ல. காலையில பிரேயர்ல பேரச் சொல்லிக் கூப்புடுவாங்க, கைதட்டுவாங்க. வாரா வாரம். ஒரு திங்கக்கிழமை போகல. அப்பறம் செவ்வாயும் போகல. அப்பா கத்துனாரு, ஸ்போர்ட்ஸ் சீட்டு கெடைச்சிருக்குமேடி, மடியில வந்து விழுந்தத எட்டி ஒதைக்கிறியேன்னாரு. அவரு சொன்னது நெஜம்தான். இங்க வேலை பரவால்ல. ஸ்கேன் பண்ணா பீப்புனு ஒரு சத்தம், அவ்வளவுதான். யாரும் கைதட்ட மாட்டாங்க.

நீங்க ஒண்ண சொல்லாம பூசி மெழுகிக்கிட்டே இருக்கீங்கக்கா. நானே சொல்லிடுறேன். எங்கள்ல உசரமானவ, அந்த நெட்டைக்காகத்தானே எங்க டீம் பேரு வரணும்ங்கறீங்க? தெரியும். எல்லாரும் அதுக்குத்தான் சொல்றாங்க. முட்டியப் பறிகுடுத்து ஜெயிக்க வெச்ச புள்ள, அவ பேரு சுவத்துல இருக்கணும். ஆண்டு விழாவுல தியாகம்னே சொன்னாங்க மைக்ல. அவ அப்ப ஊன்றுகோல் வெச்சுக்கிட்டு மேடைப் படி ஏற முடியாம கீழ நின்னுக்கிட்டு இருந்தா. ஹெட்மாஸ்டரே எறங்கி வந்து சால்வ போட்டாரு. அவ என்னப் பாத்து கண்ணடிச்சா. லூசு.

உங்க டீம்ல கொடிக்கம்பம்னு ஒருத்தங்க இருந்தாங்கல்ல, ரிங்குக்கு அடியில நிப்பாங்களே. புக்ல அப்படித்தான் எழுதியிருக்கு, பேரு கூட இல்ல. அவங்கள எங்கள்ல யாரு மறிச்சிருக்க முடியும்னு நான் நெறைய தடவ யோசிச்சிருக்கேன். நெட்ட ஒருத்திதான். வேற யாரு வந்தாலும் கொடிக்கம்பம் தலைக்கு மேல பந்த எடுத்துருவாங்க. நெட்ட விட மாட்டா. குதிக்கிறதுக்கு முன்னாடியே பந்து எங்க வரும்னு அவளுக்குத் தெரியும். பொறந்ததே அதுக்குத்தான்னு கோச் சார் சொல்லுவாரு. ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்ல எடம் குடுத்துட்டாங்க அவளுக்கு, ஃபைனலுக்கு ஒரு மாசம் முன்னாடியே. சாப்பாடு, படிப்பு, எல்லாம் ஃப்ரீ. ஆபரேஷன் ஆனதும் ஒரு லெட்டர் வந்துச்சு. நாலே வரி. எடம் வேற ஒருத்திக்குப் போயிருச்சு.

இப்ப அவங்க அப்பா சாவிக் கடையில உக்காந்திருக்கா. டூப்ளிகேட் சாவி போடுறா. மெஷின்ல அவ கை நல்லா ஓடுது, ரெண்டு நிமிஷத்துல ஒரு சாவி. நடக்கும்போது லேசா ஒரு பக்கம் சாயுவா. ஓட முடியாது. மாடி ஏறினா பக்கத்துல கம்பி வேணும்.

அவளே கையெழுத்துப் போட்டுட்டாளா? காமிங்க. ஆமா, அவளோடதுதான். மொத ஆளாப் போட்டிருக்கா. ரெண்டு கேப்டன் போட்டா போதும்னாங்க, நீங்க எங்க டீம் மொத்தத்துக்கிட்டயும் வாங்கியிருக்கீங்க. பன்னெண்டு பேர்ல பதினோரு பேரு போட்டாச்சு, நான்தான் பாக்கி. என்கிட்ட கேக்காமயே போட்டுட்டா பாருங்க. கழுத.

ஏன் நீங்க எதையும் கேக்காம இருக்கீங்க? எல்லாரும் ஃபைனல் எப்படி ஜெயிச்சோம்னு கேப்பாங்க. பேப்பர்காரரு வந்தாரு, அதத்தான் கேட்டாரு. மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டு ஆளுங்க, எல்லாரும். கடைசி ரெண்டு செகண்ட்ல எதிர் டீம்காரி பந்த மேல தூக்கினா, நெட்ட குதிச்சு அத அடிச்சு வெளிய தள்ளுனா, எறங்கும்போது முட்டி திரும்பிருச்சு, விசில் அடிச்சிட்டாங்க. கத முடிஞ்சது. நான் நூறு தடவ சொல்லியிருக்கேன். பாடம் ஒப்பிக்கிற மாதிரி வரும்.

என்ன கேட்டீங்க?

இல்ல, கேட்டுச்சு. யாரு வெளிய வரணும்னு நாங்க எப்படி முடிவு பண்ணுவோம். ம். நீங்க கேப்டனா இருந்தவங்க, உங்களுக்குத்தான் இந்தக் கேள்வி தோணும். உங்க டீம்ல ஏழே பேரு, ஒருத்திக்கு அம்மை, ஒருத்தி தண்ணி குடுக்க. நாப்பது நிமிஷமும் அந்த அஞ்சு பேரேதான் ஆடினீங்க. வெளிய வரணும்னு கேக்க உங்களுக்கு வழியே இல்ல.

எங்களுக்கு வழி இருந்துச்சு. பெஞ்சுல ஏழு பேரு காத்துக்கிட்டு இருப்பாங்க. ஆனா யாரும் பெஞ்சப் பாத்து, சார் என்ன எடுங்கன்னு கேக்கக் கூடாது. எதிர் டீம் கோச்சும் நம்ம மூஞ்சியத்தானே பாத்துக்கிட்டு இருப்பாரு. எவ தளந்துட்டான்னு தெரிஞ்சா அவ பக்கமே ஏறி ஏறி ஆட வைப்பாரு. அதனால காது. முடியலன்னா இடது காத ஒரு தடவ பிடிச்சுக்கணும். அத கேப்டன் மட்டும் பாக்கணும். பந்து நின்னதும் நான் சாரப் பாத்து அவ பக்கமா ஒரு வெரல காமிப்பேன், அவரு உடனே ஆள மாத்திருவாரு. ஏன்னு கேக்க மாட்டாரு. மத்தவங்க கேட்டாலும் சார் எடுக்க மாட்டாரு, நான் காமிச்சாத்தான். வருஷம் பூரா ஆடின ஒரு மேட்ச்லயும் ஒருத்தி காதக் கூட நான் விட்டதில்ல. சொறிஞ்சுக்கத் தொட்டாலே பாத்துருவேன், கேலி பண்ணுவாளுங்க.

ஃபைனல்லயா?

நெட்ட முட்டி கடைசிக் குதிப்புல போகலக்கா. எல்லாரும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்காங்க. மூணாவது குவார்ட்டர்லயே எதிர் டீம்காரி ஒருத்தி அவ கால் மேல வந்து எறங்கினா, அப்பவே ஏதோ ஆயிருச்சு. யாருக்கும் தெரியல, ஏன்னா அவ நொண்டல. நாலாவது குவார்ட்டர்ல அஞ்சு நிமிஷம் இருக்கும்போது காதப் பிடிச்சா. அப்ப நாலு பாயின்ட் பின்னாடி இருந்தோம். அப்பறம் மறுபடி பிடிச்சா, ரெண்டு பாயின்ட் பின்னாடி. அப்பறம் ஒரு நிமிஷம் இருக்கும்போது, ஃப்ரீ த்ரோவுக்கு எல்லாரும் நிக்கிறோம், எனக்கு நேர் எதிர்ல நின்னு பிடிச்சுக்கிட்டே இருந்தா. விடவே இல்ல. காது செவந்து போச்சு.

பாத்தேன். மூணையும் பாத்தேன். பாத்துட்டு ஸ்கோர் போர்டப் பாத்தேன். அவள எடுத்தா தோத்துருவோம்னு எனக்குத் தெரியும். அது தப்பான கணக்கும் இல்ல, தோத்திருப்போம். சார் என்னப் பாத்தாரு, எல்லாம் ஓகேவான்னு. நான் கட்ட வெரலத் தூக்கிக் காமிச்சேன்.

டாக்டர் சொன்னாரு, அஞ்சு நிமிஷம் முன்னாடி உக்காந்திருந்தா கட்டுப் போட்டு ஆறு வாரத்துல சரியாயிருக்கும்னு. எங்கிட்ட இல்ல, அவங்க அப்பாகிட்ட. நான் ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னுக்கிட்டு இருந்தேன்.

இல்லக்கா, அழல. இந்தப் பார்சலப் பொரட்டும்போது தூசி கெளம்பும். அழுகையெல்லாம் வர்றதே இல்ல, அதுதான் பிரச்சன. நீங்க எழுந்திரிக்காதீங்க, தண்ணியெல்லாம் வேணாம்.

இப்ப சொல்லுங்க, எந்த டீம் பெருசு? உங்க கேப்டன் யாரையும் இப்படிப் பண்ணல. அந்தக் கேப்டன் நீங்கதான். உங்க பேரையே எழுதச் சொல்லுங்க. பேப்பர மடிச்சு உள்ள வைங்க. ஹெட்மாஸ்டர்கிட்ட நான் திமிரு பிடிச்சவ, மாட்டேன்னுட்டான்னு சொல்லுங்க. அவரு நம்புவாரு.

நெட்டைக்கா? இல்ல, அவளுக்குத் தெரியாது. ஞாயித்துக்கிழமையானா எங்க வீட்டுக்கு வந்துருவா, கட்டில்ல கால நீட்டிக்கிட்டு என் தலகாணிய எடுத்து முட்டிக்கு அடியில வெச்சுக்குவா. நீ பாத்திருந்தா என்ன வெளிய எடுத்திருப்படீ, எனக்குத் தெரியாதா, நீ மட்டும் மனசப் போட்டுக் கொழப்பிக்காதன்னு அவ எனக்குச் சொல்லுவா. வாரா வாரம் சொல்றா. நானும் ஆமாடி, பாக்கலங்கறேன்.