ரெண்டு பேரும் வெளியே

— அத வுடு மாமா, இப்ப எதுக்கு அதெல்லாம்? டாக்டர் ரொம்ப பேசக்கூடாதுன்னு சொல்லிக்கீறாரு. இளநி வாங்கியாந்து கீறேன், மொதல்ல அத குடி.

— வச்சிட்டு உக்காரு மோகன். தொண்டையில இருந்த குழாய எடுத்தாச்சு. மெதுவாப் பேசுனா ஒண்ணும் ஆகாது. நாளைக்கு என்கொயரியில நடேசன் சார் முன்னாடி நான் பேசித்தான ஆகணும்.

— நீ கூப்ட்டதும் அதுக்குத்தான் மாமா ஓடியாந்தேன். அவரு இன்னா கேப்பாரு, நாம இன்னா சொல்லணும்னு ஒருவாட்டி பேசி வச்சிக்கலாம்னு. ஒரே ஃபயர் ஸ்டேஷன், ஒரே குடும்பம். நீ ஒண்ணு சொல்லி, நான் ஒண்ணு சொன்னா அசிங்கமாப் பூடும்.

— உங்கிட்டதான் ஏற்கெனவே எழுதி வாங்கிட்டாங்களே. என்ன எழுதிக் குடுத்த?

— நடந்தததான் மாமா. அம்பத்தூர் எஸ்டேட்ல மெத்த குடோன்ல நெருப்பு. உள்ள ஒரு ஆளு மாட்டிகினு கீறான்னு வாச்மேன் கத்துனான், அவன் முன்னயே வெளிய வந்துட்டது அப்பாலதான் தெரிஞ்சுது. முதுகுல காத்து சிலிண்டர், மூஞ்சில மாஸ்க்கு, பி.ஏ. செட் மாட்டிகினு நானும் நீயும் ஜோடியா உள்ள போனோம். ரேக்கு சரிஞ்சுது. உன்னக் காணோம். அதுக்குள்ள என் செட்டுல காத்து கம்மியாயி விசில் அடிக்க ஆரம்பிச்சிது. செவுத்தத் தடவிகினே வெளிய வந்தேன். அவ்ளோதான்.

— கஜபதி அண்ணனப் பத்தி என்ன எழுதுன?

— அவருதான வாசல்ல நின்னு கன்ட்ரோல் போர்ட பாத்துகினு இருந்தாரு. நான் வெளிய வந்தப்போ என் டாலியோட உன் டாலியையும் சேத்து எங்கையில குடுத்துட்டாரு. அதப் பாத்து நீயும் வெளிய வந்துட்டன்னு நெனச்சேன்னு எழுதினேன். அவுரு குடுத்தது உண்மதான?

— உண்மதான். அதுக்காகத்தான் அவர சஸ்பெண்ட் பண்ணியிருக்காங்க. நேத்து கனி கேட்டா, டாலி டாலிங்கிறீங்களே, அப்படின்னா என்னன்னு.

— அக்கா எதுக்கு அத கேட்டுது?

— வீட்டுக்காரன் வேலை, தெரிஞ்சுக்கணும்னு தோணியிருக்கும். சொன்னேன். எம்பேரு அடிச்ச ஒரு வில்ல. உள்ள போறவன் அத வாசல்ல நிக்கிறவர்கிட்ட குடுத்துட்டுத்தான் போகணும். அவர் அத போர்டுல மாட்டி வச்சுக்கிட்டு, யாருகிட்ட எவ்வளவு காத்து இருக்கு, எப்ப திரும்பணும்னு கண்ண எடுக்காமப் பாத்துக்கிட்டே இருப்பாரு. வெளிய வந்தவன் தன் கையால தன் வில்லய வாங்கிக்கணும். போர்டுல வில்ல தொங்கிட்டு இருந்து ஆள் வரலன்னா, செட்டு மாட்டித் தயாரா வாசல்ல நிக்கிற ரெண்டு பேர உடனே உள்ள அனுப்பணும். வில்ல தொங்கலன்னா உள்ள ஆள் இல்லன்னு அர்த்தம். யாரும் தேட மாட்டாங்க. இதான் கனின்னு சொன்னேன். பேசாமக் கேட்டுட்டு எழுந்து போயிட்டா.

— அப்ப நீயே சொல்லு மாமா, தப்பு யாரு மேல? உன் டாலிய உங்கிட்ட குடுக்காம எங்கிட்ட குடுத்தது அவுரு தப்புதான?

— விதிப்படி தப்புதான். ஆனா இத்தன வருஷமா ஒரு வில்லகூட மாத்திக் குடுக்காத மனுஷன் அன்னைக்கு ஏன் குடுத்தாரு?

— நான் இன்னாத்த கண்டேன். ஒரே பொக, கூட்டம் வேற, ஜனம் செல்லுல படம் எடுத்துகினு குறுக்க குறுக்க வருது. பதட்டத்துல குடுத்துட்டு இருப்பாரு.

— அவர் வேற மாதிரி சொல்றாரு. பின்னாடியே மாமா வர்றாரு, அவரோடதையும் குடுங்கன்னு நீ கேட்டியாம்.

— அவுரு தன்ன காப்பாத்திக்கச் சொல்றாரு மாமா. ரிட்டையர் ஆவப்போற நேரத்துல சஸ்பெண்டுன்னா சும்மா இருப்பாரா? அத கேட்ட சாட்சி யாரு கீறாங்க? நடேசன் சாரே அத நம்பல.

— இருடா, ரயில் போகட்டும். ஷெட்டுக்குள்ள வண்டி திரும்புற வரைக்கும் இந்த அண்ணனூர்ல ஒருத்தர் பேசறது ஒருத்தருக்குக் கேக்காது.

— இன்னும் கொஞ்சம் காத்தோட்டமா ஊடு பாத்துகினு போயிடலாம் மாமா நீங்க. உன் நெஞ்சுக்கு இந்தத் தூசு ஆவாது.

— ஏங்க, வந்தவன உக்கார வச்சி கேள்வி மேல கேள்வியா கேட்டுகினு கீறீங்க? இந்தாடா மோகன், டீ. குடிச்சிட்டு கெளம்பு. வேப்பம்பட்டுல அம்மா உனக்காகக் காத்துகினு கீது.

— அவன் இருக்கட்டும் கனி. நாந்தான் வரச்சொன்னேன்.

— வரச்சொன்னீங்க சரி. பேசிப் பேசி அப்புறம் ராத்திரியெல்லாம் இருமுறது யாரு? எனக்கு அடுப்புல வேல கீது. மோகன், சொன்னது காதுல வுழுந்துச்சா?

— வுழுந்துச்சுக்கா. இதோ கெளம்பிட்டேன்.

— உக்காருடா. அன்னைக்கு நீ குடோன்ல இருந்து வெளிய போனப்பறம், செட்டு மாட்டித் தயாரா நின்ன ஜேம்ஸும் நிர்மலும் உள்ள வந்தாங்க. என்னைத் தூக்கிட்டு வந்தவங்க அவங்கதான். ஆனா அவங்கள உள்ள அனுப்புனது யாரு தெரியுமா?

— ஸ்டேஷன் ஆபீசரு.

— இல்ல. கஜபதி அண்ணன். வெளிய வந்தவன் வாய் காஞ்சு போயிருப்பான்னு தண்ணி பாட்டில எடுத்துக்கிட்டு என்னைத் தேடியிருக்காரு. வண்டி மறைவுல பாத்திருக்காரு, தெருவுல பாத்திருக்காரு. எங்கயும் இல்ல. போர்டு காலியா இருக்கு, ஆபீசரும் எல்லாரும் வந்தாச்சுங்கிறாரு. எனக்கு ஆள் கணக்கு ஒதைக்குது சார்னு சண்ட போட்டு அவங்கள உள்ள அனுப்புனாராம். அவரத்தான் இப்ப வீட்ல உக்கார வச்சிருக்கோம்.

— அவுரு நல்லவருதான் மாமா. நான் இல்லன்னா சொன்னேன்? அதான், ஒரு வழி கீது. யாருக்கும் கெடுதி இல்ல. நாளைக்கு உன்னக் கேட்டா, ரேக்கு வுழுந்ததுக்கு அப்பால ஒண்ணுமே நெனவு இல்லன்னு சொல்லிடு. பொக தலைக்கு ஏறிட்டா அப்டி ஆவுமாம். விசாரண அதோட நின்னுடும். அவுருக்கும் ஏதோ சின்ன தண்டன குடுத்து வுட்டுடுவாங்க.

— கனியும் காலைல அதையேதான் சொன்னா.

— பாத்தியா? அக்காவே சொல்லுது.

— ஆனா எனக்கு நெனவு இருக்கே மோகன். எல்லாமே நெனவு இருக்கு.

— எல்லாம்னா?

— கேளு. ரேக் சரிஞ்சப்ப இடுப்புக்குக் கீழ மாட்டிக்கிட்டேன். வலது கையும் அதுக்கு அடியில. நீ என்னைக் காணாம போகல. பக்கத்துலயே மண்டி போட்டு ரேக்க இழுத்துப் பாத்த. அசையல. அப்ப உன் விசில் அடிச்சுது. நாந்தான் உன்னைப் போகச் சொன்னேன். போடா, வெளிய போயி ஜேம்ஸையும் நிர்மலையும் கூட்டிட்டு வா, எனக்கு இன்னும் காத்து இருக்குன்னு சொன்னேன். நீ என் தோள ரெண்டு தட்டு தட்டிட்டுப் போன.

— மாமா...

— நீ போனது தப்பே இல்ல. விசில் அடிச்சா வெளிய போகணும், அதான் முறை. நான் தைரியமாத்தான் கெடந்தேன். மூச்ச சின்னச் சின்னதா இழுத்துக்கிட்டு, இப்ப வாசலுக்குப் போயிருப்பான், இப்ப சொல்லியிருப்பான், இப்ப கெளம்பியிருப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். தோள்ல மாட்டியிருந்த வாக்கி டாக்கி வேல செஞ்சுது. வலது கை சிக்கியிருந்துச்சு, வாக்கி முதுகுப்பக்கம் திரும்பியிருந்ததால இடது கைக்குப் பட்டன் எட்டல, பேச முடியல. ஆனா வெளிய பேசறது எல்லாம் கேட்டுச்சு.

— வாக்கி... வாக்கி எரிஞ்சு போச்சுன்னு சொன்னாங்களே மாமா.

— அப்பறம்தான் எரிஞ்சுது. ஆபீசர் கூப்பிட்டாரு. மோகன், உங்க ஜோடி நெலம என்னன்னு கேட்டாரு. உன் குரல் வந்துச்சு. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குது உனக்கு. ரெண்டு பேரும் வெளிய வந்துட்டோம் சார்னு சொன்ன.

— மாமா, வேணாம் மாமா.

— அத கேட்டதும் எனக்கு மொதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? சந்தோஷம். அப்பாடா, பையன் தப்பிச்சிட்டான்னு. அப்பறம்தான் அந்த ரெண்டு பேருங்கிறது மண்டைல ஏறுச்சு. அந்த இன்னொருத்தன் நாந்தான்னு புரிஞ்சப்ப என் செட்டும் விசில் அடிக்க ஆரம்பிச்சுது. இனிமே யாரும் வரமாட்டாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டே அத கேட்டுக்கிட்டுக் கெடந்தேன். அது அடங்குச்சு. மாஸ்க் மூஞ்சியோட ஒட்டிக்கிச்சு. அத இழுத்துப் போட்டுட்டு அந்தப் பொகைய குடிச்சேன். இனி என்னால செட்டு மாட்டவே முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அது போகட்டும். ஏன்டா அப்படிச் சொன்ன?

— தெரியல மாமா. சத்தியமா தெரியல.

— தெரியும். சொல்லு. உங்கிட்ட நான் கேக்குறது அது ஒண்ணுதான்.

— வெளிய வந்து வுழுந்தேன். மாஸ்க்க கழட்டிட்டு வாந்தி எடுத்தேன். கஜபதி அண்ணன் மாமா எங்கன்னு கேட்டாரு. பின்னாடி வர்றாருன்னு வாய்ல வந்துச்சு. டாலியக் குடுன்னு கேட்டேன். ஏன் கேட்டேன்னு எனக்கே தெரியல. அது போர்டுல தொங்கறதப் பாக்க முடியல மாமா. அப்பால ஆபீசரு கேட்டாரு. உள்ள கீறாருன்னு சொன்னா, எடம் தெரிஞ்சவன் நீதான், வழி காட்டு, இன்னொரு சிலிண்டர மாட்டிகினு உள்ள வான்னுவாங்க. என்னால திரும்ப உள்ள போவ முடியாது மாமா. நெனச்சாலே மூச்சு நின்னுது. சொல்லிட்டேன். சொன்னதுக்கு அப்பால மாத்திச் சொல்ல வாய் வரல. நீ எப்டியாவது வந்துடுவேன்னு வாசலையே பாத்துகினு இருந்தேன்.

— நீ வாசலப் பாத்துக்கிட்டு இருந்த. ஜேம்ஸ் உள்ள போகறதுக்கு முன்னாடி எந்தப் பக்கம்னு உன்னக் கேட்டானாம். நீ வாயே தொறக்கலயாம்.

— என்ன அடி மாமா. செருப்பால அடி. ஆனா வெளிய சொல்லாத. வேல பூடும், கேஸ் ஆவும். கொயந்தய இப்பதான் ஸ்கூல்ல போட்டு கீறோம்.

— பயந்தத நான் மன்னிச்சிருவேன்டா. அந்தப் பொகையில பயப்படாதவன் யாரு? எனக்குக் கூடப்பொறந்தவன் கெடையாது. எங்க ஊர்ல யார் கேட்டாலும் உன்னத்தான் என் தம்பின்னு சொல்லுவேன். ஆஸ்பத்திரிக்கு தெனம் வந்த. கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்த. என்னால பேச முடியாதுன்னு தெரிஞ்சுதான் அவ்வளவு நேரம் உக்காந்தியோன்னு இப்ப தோணுது. அதுமட்டுமில்லாம ஒரு நல்ல மனுஷன் தலையில இத எழுதியும் குடுத்துட்ட. அததான் என்னால முழுங்க முடியல.

— அது... அது நானா யோசிக்கல மாமா.

— போதும். நாளைக்கு எனக்கு முன்னாடி நீ போற. நடேசன் சார்கிட்ட உன் வாயாலயே சொல்ற. நான் சொல்லி நீ மாட்டறதவிட அது உனக்கு மேல். அதுக்கு முன்னாடி இப்பவே உங்க அக்காகிட்ட சொல்லணும்.

— அக்காகிட்ட வேணாம் மாமா. உங்கால்ல வுழறேன்.

— இத்தன நாளா நான் அவகிட்ட ஒரு வார்த்த சொல்லல. தூக்கி வளத்த தம்பி இப்படிப் பண்ணிட்டான்னு தெரிஞ்சா ஒடைஞ்சு போயிடுவா. நாளைக்கு ஊர் சொல்லித் தெரியறதுக்கு, இன்னைக்கு நீ சொல்லித் தெரியட்டும். கனி, அடுப்ப அணைச்சிட்டு இங்க வாம்மா.

— இன்னாங்க? இவன் ஏன் அழுதுகினு கீறான்?

— கட்டில்ல உக்காரு. உன் தம்பி உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டுப் பதறாத. நான் உயிரோடதான இருக்கேன்.

— அக்கா...

— நீ சும்மா இருடா. ஏங்க, அவன் ஒண்ணும் சொல்ல வேணாம். வுட்டுடுங்க.

— சொல்லட்டும் கனி. நீ தாங்கமாட்டேன்னுதான் நான் உள்ளயே வச்சிருந்தேன். இனிமே முடியாது.

— நீங்க மயக்கமா கெடந்த அன்னிக்கே எல்லாத்தையும் எங்கிட்ட சொல்லி அழுதுட்டான் அவன். கஜபதி அண்ணன் மேல எழுதிக் குடுத்துடுடான்னு சொன்னதே நான்தான்.