எட்டு விரல் மாமாவின் கயிறு

இரவு ஒன்றரை மணி. கல் குவாரியிலிருந்து கீழே இறங்கும் மலைப்பாதை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை... என் நண்பனின் வேன் மட்டும்.

மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்துங்கள். கரண்ட் வந்தாலும் விளக்கைப் போட வேண்டாம். கொட்டாவி விடுகிறவர் இப்போதே எழுந்து போய்ப் படுத்துக்கொள்ளலாம். பாதியில் போய்விட்டுத் தூக்கம் வரவில்லை என்று காலையில் என்னைத் திட்டக் கூடாது.

வேனை ஓட்டியவன் என் நண்பன். பக்கத்தில் அவனுடைய தாய்மாமா. ராணுவத்தில் கண்ணிவெடி எடுக்கிற பிரிவில் இருந்தவர். வெளியே வந்த பிறகு குவாரியில் பாறைக்கு வெடி வைக்கிற வேலை. ஒரு காது சுத்தமாகக் கேட்காது, அவரோடு ரகசியம் பேச நினைத்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். இடது கையில் இரண்டு விரல்கள் கிடையாது. அதனால் எல்லோருக்கும் அவர் எட்டு விரல் மாமா. அப்பா இல்லாத என் நண்பனைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். எண்ணக் கற்றுக்கொடுத்ததும் அந்த விரல்களை வைத்துத்தான். பயல் பள்ளிக்கூடத்தில் எட்டோடு நிறுத்திவிடுவான், வாத்தியார் பெஞ்ச் மேல் ஏற்றிவிடுவார்.

அன்று கிளம்பும்போது அவன் அம்மா வாசல் வரை வந்து சொன்னாராம். "உன் மாமாவப் பத்திரமா கூட்டிட்டு வந்துடுடா. என் கூடப் பொறந்ததுல மிச்சம் இருக்கிறது அவன் ஒருத்தன்தான்."

ஒரு வளைவு திரும்பியதும் விளக்கு வெளிச்சத்தில் ஓர் ஆள். பாதைக்குக் குறுக்கே குப்புறக் கிடந்தான். அசைவில்லை. என் நண்பன் பிரேக்கை மிதித்து, கதவைத் திறந்து, ஒரு காலைக் கீழே வைத்துவிட்டான். மாமா அவன் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்தார். இழுத்த வேகத்தில் மேல் பொத்தான் தெறித்தது.

"தொடாதே" என்றார். அவ்வளவுதான்.

சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு கயிற்றுச் சுருளை எடுத்தார். நுனியில் இரும்புக் கொக்கி. படையில் அவர்கள் வேலை செய்த முறை அது. கீழே கிடப்பவனுக்கு அடியில் எதிரி வெடியைச் சொருகிவிட்டுப் போயிருப்பான். பதறிப்போய்த் தூக்குகிறவன் அங்கேயே சிதறுவான். அதனால் ஊர்ந்து போய் பெல்ட்டில் கொக்கியை மாட்ட வேண்டும். திரும்பி வந்து மறைவில் படுத்துக்கொண்டு கயிற்றை இழுத்து அவனைப் புரட்ட வேண்டும். வெடிக்கவில்லை என்றால்தான் கையால் தொடலாம். இன்னொன்றும் உண்டு... கொக்கி மாட்டும்போது முகத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கை நடுங்கும்.

மாமா அப்படியே போனார், மாட்டினார், வந்தார். இருவரும் வேனுக்குப் பின்னால் ஒரு பாறை மறைவில் குந்தினார்கள். கயிறு அவர் கையில் இருந்தது. ஆனால் இழுக்கவில்லை. வெறுமனே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவன் உயிரோடு இருந்தால் என்ன செய்வது என்று என் நண்பன் அவர் நல்ல காதில் கேட்டான். விரல்கள் போன கதையைப் பற்றி இத்தனை வருடம் வாயைத் திறக்காத மனிதர் அப்போதுதான் பேசினார்.

அவருக்குப் படையில் ஒரு கூட்டாளி. பட்டப்பெயர் தூங்குமூஞ்சி. குண்டு விழும்போதும் குறட்டை விடுவான். "நான் செத்துட்டேன்னு சொன்னா நம்பாதீங்கடா, ஒரு தடவை எழுப்பிப் பாருங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பானாம். இருவரும் ஜோடியாகக் குழிக்குள் இறங்குவார்கள். இடுப்பில் கயிறு. ஒரு முறை சுண்டினால் இழு. இரண்டு முறை சுண்டினால் நிறுத்து.

ஒரு பாலத்துச் சண்டையில் தூங்குமூஞ்சி விழுந்தான். பகல் முழுக்க வெயிலில் குப்புறக் கிடந்தான். முதுகில் ஈ மொய்த்தது. செத்துவிட்டான் என்று அதிகாரி முடிவு கட்டினார். சாயங்காலம் மாமா ஊர்ந்து போய்க் கொக்கியை மாட்டினார். பழக்கப்படி முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பி வந்து கயிற்றை இறுக்கினார். அந்தப் பக்கத்திலிருந்து கயிறு சுண்டியது... ஒன்று. இரண்டு.

மாமா நிறுத்திவிட்டார். பக்கத்தில் படுத்திருந்த அதிகாரி சீறினார். "பொணம் எங்கேயாவது கயிறு சுண்டுமாய்யா? இழு." சொல்லிக்கொண்டே மாமாவின் கை மேல் தன் கையை வைத்து ஒரே இழுப்பு.

பூமி தூக்கிப் போட்டது. தகரம் மாதிரி ஏதோ விர்ரென்று வந்து மாமாவின் இரண்டு விரல்களைச் சீவிக்கொண்டு போனது. அதே தகரம்தான் அதிகாரியின் தொண்டையில் நின்றது. அவர் பேச வாயைத் திறந்தார், ரத்தம்தான் கொப்பளித்தது. தலைக்கவசத்தின் மேல் கல்லும் சதையும் பொலபொலவென்று கொட்டின. கருகிய முடி நாற்றம். மாமா அழுதுகொண்டே கயிற்றைச் சுருட்டினார். கனமாக வந்தது. கொக்கிக்குப் பக்கத்தில் இரண்டு கைகள்... மணிக்கட்டு வரைக்கும். கயிற்றை இறுகப் பிடித்தபடி.

அந்தக் கயிறுதான் இது என்றார் மாமா.

என் நண்பன் அவர் தோளைப் பிடித்து உலுக்கினான். வண்டியைத் திருப்பி மேலேயே போய்விடலாம் என்றான். மாமா கேட்கவில்லை. கயிற்றை மெல்ல இறுக்கினார். குப்புறக் கிடந்தவனின் இடுப்பு லேசாக அசைந்தது.

கயிறு சுண்டியது. ஒன்று. இரண்டு.

மாமாவின் முகத்தில் பயம் இல்லை என்று என் நண்பன் இன்றைக்கும் சத்தியம் செய்கிறான். சந்தோஷம்தான் இருந்ததாம். கயிற்றை அவன் கையில் திணித்தார்.

"இந்தத் தடவை முகத்தப் பாத்துட்டு வந்துடறேன். கயிறு ரெண்டு தடவை சுண்டினா இருந்த இடத்துலயே இரு. இழுக்காதே, கிட்ட வராதே. யார் சொன்னாலும் சரி."

நடந்து போனார். ஊர்ந்து அல்ல, நிமிர்ந்து. வெளிச்சத்தில் மண்டியிட்டு அந்த ஆளின் தோளைத் தொட்டுப் புரட்டினார். காது கேட்காதவர் அல்லவா, குரல் சத்தமாகத்தான் வரும். "டேய்... எழுந்திருடா" என்றது பாறையில் மோதித் திரும்பி வந்தது.

வேன் விளக்குகள் அணைந்தன.

வெடிச் சத்தம் எதுவும் இல்லை. ஆனால் வேன் கூரை மேல் பொலபொலவென்று ஏதோ கொட்டியது. அப்புறம் அந்த நாற்றம்... முடி கருகுகிற நாற்றம்.

மாமா, மாமா என்று என் நண்பன் தொண்டை கிழியக் கத்தினான். எழுந்தான். கையில் இருந்த கயிறு சுண்டியது, இரண்டு முறை. உட்கார்ந்துவிட்டான். அவர் உயிரோடுதான் இருக்கிறார், வர வேண்டாம் என்கிறார் என்று நினைத்தான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுந்தான். மறுபடி இரண்டு முறை. அவன் எழும்போதெல்லாம் அது சுண்டியது. வானம் வெளுக்கிற வரை அவன் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கிடந்தான்.

வெளிச்சம் வந்ததும் பார்த்தான். பாதையில் ஓர் ஆள்தான் குப்புறக் கிடந்தார். மாமாவின் சட்டை. அவர் பெல்ட்டில்தான் கொக்கி மாட்டியிருந்தது. வயிறு கிழிந்து மண்ணெல்லாம் ரத்தம் ஊறியிருந்தது. பாதையில் ஒரு குழிகூட இல்லை.

மணிக்கட்டுக்குக் கீழே இரண்டு கைகளும் இல்லை. கைகள் முதல் நொடியிலேயே போயிருக்கும் என்று பிறகு மருத்துவர் சொன்னார். ஆனால் உயிர் உடனே போகவில்லையாம், ரத்தம் வடிந்து வடிந்து, வெகுநேரம் கழித்துத்தான் போயிருக்கிறது. சீக்கிரம் தூக்கி வந்திருந்தால் பிழைத்திருப்பாராம். அவன் அம்மா இன்று வரை அவனோடு பேசுவதில்லை.

கைகள் கிடைத்தன. கொக்கிக்குப் பக்கத்தில், கயிற்றை இறுகப் பிடித்தபடி. போலீஸ்காரர்கள் கயிற்றை அறுத்து எடுத்து, உடம்போடு சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கட்டுவதற்கு முன்னால் என் நண்பன் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து அந்த விரல்களை எண்ணிப் பார்த்திருக்கிறான். சின்ன வயதில் எண்ணியது போலவே, ஒவ்வொன்றாகத் தொட்டு.

எட்டு வந்தது. அதோடு முடியவில்லை... ஒன்பது. பத்து.