பிரேக் மெக்கானிக்கின் பெருங்குடலில்

எனக்கு ஒரே இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்க வராது. அதைத் தவிர என்மேல் பெரிய குறை எதுவும் சொல்ல முடியாது.

நான் ஒரு மரபணுத் துண்டு. இருந்த இடத்தில் இருந்தபடியே என்னைப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியை வேறோர் இடத்தில் செருகிவிடுவேன். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் அதுதான். நான் குடியிருப்பது பஸ் டிப்போவில் வேலை பார்க்கும் ஒரு பிரேக் மெக்கானிக்கிடம். தங்கமான மனிதர். இளவயதில் அவருடைய செல்கள் என் வாயை இறுக்கிக் கட்டி வைத்திருந்தன. வயதாக ஆகக் கட்டு தளர்ந்தது. பெருங்குடலில், ஏதோ ஒரு செல்லில், நான் மெல்ல வாய் திறந்தேன்.

பிரதி போய் விழுந்தது, செல் கண்டபடி பெருகாமல் தடுக்கும் மரபணுவின் நட்டநடுவில். அதற்கு மாற்றாக இருந்த அதன் ஜோடி ஏற்கெனவே பழுதாகிக் கிடந்தது. பார்த்துச் செருகக் கூடாதா என்று கேட்பீர்கள். எனக்குக் கண் கிடையாது, ஐயா. அந்தச் செல் இரண்டானது, நான்கானது, கட்டியானது. ஒவ்வொன்றிலும் நான். பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

அவருக்கு ரத்தம் போக ஆரம்பித்தது. மகள் விடாமல் நச்சரித்தாள்.

"டாக்டர்கிட்ட போலாம்ப்பா."

"வெறும் மூலம்மா. தானா சரியாயிடும்."

"பிரேக் லேசா சத்தம் போட்டாலே பஸ்ஸ வெளிய விடமாட்டீங்க. உங்க உடம்புன்னா மட்டும் எப்படிப்பா?"

"அது நாலு பேர் ஏறுற வண்டிம்மா. இதுல நான் மட்டுந்தான போறேன்?"

அந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவர் தள்ளிப்போட்ட நாட்களில் நான் கல்லீரல் வரை போய்ச் சேர்ந்துவிட்டேன். நல்ல விசாலமான இடம்.

கடைசியில் மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் படங்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு மேசையைப் பார்த்தார்.

"கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம்மா."

இப்போது மெக்கானிக் கட்டிலோடு கிடக்கிறார். தோலும் எலும்புமாகிவிட்டார். பிழைக்கமாட்டார். செய்தது நான்தான், மறுக்கவில்லை. மனதில் வன்மம் வைத்துச் செய்யவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

மகளைப் பார்த்தால்தான் எனக்கு மனசு கேட்கவில்லை. அப்பாவை விட்டால் அவளுக்கு வேறு யாருமில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் காலைப் பிடித்துவிட்டபடி, சத்தம் வராமல் அழுகிறாள். நல்லவேளை, பிறந்ததிலிருந்தே அவளுக்குள்ளும் நான் இருக்கிறேன். அவளைத் தனியாக விட்டுவிட மாட்டேன்.