பாட்டு ஏறட்டும்

அத்தான்: கை வைக்காதே மச்சான், கை வைக்காதே. இப்பதான் ஓடிட்டிருக்கு.

தம்பி: எங்க அத்தான் ஓடுது? நான் வந்து உட்கார்ந்ததுலேர்ந்து கம்ப்யூட்டர்ல அந்தக் கோடு அதே இடத்துலதான் நிக்குது.

அத்தான்: நல்லாப் பாரு. இப்பக்கூட ஒரு நூலளவு நகர்ந்துச்சு.

அக்கா: இந்த வீட்டுல நகர்றது அது ஒண்ணுதான். டாக்டர் நடக்கச் சொன்னது இவரை. நடந்துட்டிருக்கறது அந்தப் பச்சைக் கோடு.

அத்தான்: ஆரம்பிச்சுட்டியா...

அக்கா: நான் ஒண்ணும் சொல்லலப்பா. தம்பி, காபி ஆறுது. எழுந்து வா.

தம்பி: இரு அக்கா. அவசரம்னு அத்தான் ஃபோன் பண்ணினாரேன்னு லீவு நாள் தூக்கத்தை விட்டுட்டு வந்திருக்கேன். என்ன பிரச்சனைன்னு முழுசாச் சொல்லுங்க அத்தான்.

அத்தான்: பிரச்சனை என்ன... இதோ, இந்தப் பாட்டு பிளேயர். சட்டைப் பையில போட்டுட்டு, காதுல மாட்டிட்டு நடக்கலாம்னு வாங்கினது. கம்ப்யூட்டர்லேர்ந்து இதுக்குப் பாட்டு ஏத்தணும். ஏற மாட்டேங்குது. ஒரு பாட்டு ஏறறதுக்குள்ள, பாடினவங்களே நேர்ல வந்து பாடிட்டு, சாப்பிட்டுட்டும் போயிடலாம்.

தம்பி: மொத்தம் எத்தனை பாட்டு?

அத்தான்: அதிகமில்ல. ஆயிரத்துச் சொச்சம்.

தம்பி: டாக்டர் எவ்வளவு நேரம் நடக்கச் சொன்னார்?

அத்தான்: அரை மணி.

தம்பி: அரை மணி நடைக்கு ஆயிரம் பாட்டா?

அத்தான்: உனக்குப் புரியாது மச்சான். வீட்டை விட்டு இறங்கும்போது ஒரு மாதிரிப் பாட்டு வேணும். மூட்டு சூடாகற வரைக்கும் மெதுவாப் போகணும். வளைவு தாண்டினதும் கொஞ்சம் வேகம். திரும்பி வீட்டுக்கு வர்றப்ப சோகப் பாட்டு...

அக்கா: வீட்டுக்கு வர்றதுக்கு சோகப் பாட்டு. நீயே கேட்டுக்கோ.

அத்தான்: மூச்சு சீராகணும்ல, அதுக்குச் சொல்ல வந்தேன்.

அக்கா: மூச்சு சீராகறதுக்கு முதல்ல மூச்சு வாங்கணும். மூச்சு வாங்கறதுக்கு நடக்கணும்.

தம்பி: ஆமா, நாளைக்கு டாக்டர்கிட்டப் போகணுமே. நடந்தீங்களா இல்லையா அத்தான்?

அக்கா: அவரை ஏன் கேட்கறே, நான் சொல்றேன். முதல் மூணு நாள் போனாரு. நாலாவது நாள் காலையில ஷூவைக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டு, பாட்டு இல்லாம நடந்தா போரடிக்குதுன்னாரு. அன்னியிலேர்ந்து இந்த நாற்காலியை விட்டு எழுந்திரிக்கல.

அத்தான்: பாட்டு ஏறட்டும், நடக்கறேன்னுதானே சொல்றேன். நடக்க மாட்டேன்னா சொன்னேன்?

தம்பி: அக்கா, டாக்டர் என்னதான் சொன்னார்? எங்கிட்ட ஃபோன்ல அரைகுறையாத்தானே சொன்னே.

அக்கா: ஈசிஜில லேசா சந்தேகமா இருக்கு, ரெண்டு வாரம் மெதுவா நடந்து பாருங்கன்னாரு. நடக்கும்போது நெஞ்சுல எதாவது பண்ணினா அந்த நிமிஷமே வந்துடுங்க, ரத்தக் குழாய்ல அடைப்பு இருக்கான்னு குழாய் விட்டுப் பார்த்துடலாம். ஒண்ணும் பண்ணலன்னா மாத்திரையோட போயிடும்னாரு.

அத்தான்: ஒண்ணும் பண்ணல. அதைத்தான் நாளைக்கும் சொல்லப் போறேன்.

தம்பி: மூணு நாள் நடந்ததை வச்சா?

அத்தான்: மூணு நாள் நடந்தாலும் நடை நடைதானே. நீ வந்த வேலையைப் பாரு.

தம்பி: சரி. முதல்ல கம்ப்யூட்டரை அணைச்சுட்டு மறுபடி போடுவோம்.

அத்தான்: இதுக்கா உன்னை அவ்வளவு செலவு பண்ணிப் படிக்க வச்சாங்க?

தம்பி: எங்க கம்பெனியில பாதிப் பிரச்சனை இதுலயே தீர்ந்துடும் அத்தான்.

அத்தான்: மீதிப் பாதி?

தம்பி: அதுக்கு மீட்டிங் போடுவோம்.

அக்கா: மீட்டிங்ல தீருமா?

தம்பி: அடுத்த மீட்டிங் எப்பன்னு முடிவாகும்... இந்தா, வந்துடுச்சு. இப்பப் பாருங்க. பாட்டை இழுத்துப் போடறேன்... போட்டாச்சு...

அத்தான்: என்ன காட்டுது?

தம்பி: ஒன்பது மணி நேரம்.

அத்தான்: முன்னாடி எட்டரை காட்டிட்டிருந்துச்சு.

அக்கா: நல்ல முன்னேத்தம். போதும் தம்பி, எழுந்து வா. போயும் போயும் ஒரு மிஷினோட மல்லுக்கட்டிட்டு...

தம்பி: இரு அக்கா. வைரஸ் பாக்கறது ஒண்ணு உள்ள ஓடிட்டிருக்கு. ஒவ்வொரு பாட்டையும் நிறுத்தி வச்சு, சோதனை போட்டுத்தான் அனுப்பும். அதான் லேட். அதை நிறுத்திட்டேன்... இப்ப?

அத்தான்: அதே ஒன்பது.

தம்பி: பாட்டெல்லாம் பெரிய சைஸ்ல இருக்கோ... இல்லையே, சாதாரணமாத்தான் இருக்கு. இருங்க, நெட்ல பார்ப்போம். யாராவது எழுதியிருப்பாங்க... ஆங், இருக்கு. ஒருத்தர் இதே பிளேயர், இதே கம்ப்ளெய்ன்ட். கீழ இருபது பேர் எனக்கும் எனக்கும்னு எழுதியிருக்காங்க.

அத்தான்: பதில் போட்டிருக்காங்களா?

தம்பி: கடைசியா அவரே போட்டிருக்கார். சரியாயிடுச்சு, எல்லாருக்கும் நன்றின்னு.

அத்தான்: எப்படிச் சரியாச்சாம்?

தம்பி: அதைச் சொல்லல.

அத்தான்: நல்ல மனுஷன்... விடு மச்சான். இது ஆகாத காரியம். நீயும் உன்னால ஆனதைப் பண்ணிட்டே.

தம்பி: என்ன அத்தான், இவ்வளவு சந்தோஷமாச் சொல்றீங்க?

அத்தான்: சந்தோஷமா... சேச்சே. மனசு ரொம்பக் கஷ்டமாத்தான் இருக்கு.

அக்கா: அதான் சொல்லிட்டாரே. வா, சாப்பிடலாம்.

தம்பி: காபிக்குக் கூப்பிட்டே, இப்ப சாப்பாட்டுக்கா? மணி பத்துகூட ஆகல. ரெண்டு பேரும் என்னை எழுப்பறதுலயே குறியா இருக்கீங்க... இருங்க. அத்தான், பத்து நாளா ஏத்தறீங்கல்ல?

அத்தான்: ஆமா. பகல் பூரா.

தம்பி: ஒரு நாளைக்கு நூறு பாட்டுன்னாகூட இதுக்குள்ள நிறைஞ்சிருக்கணுமே. பிளேயர் ஏன் காலியா இருக்கு? ஒரே ஒரு பாட்டுகூட இல்ல.

அத்தான்: அது... வரிசை சரியா அமையல. சாயங்காலம் அழிச்சுட்டு, காலையில முதல்லேர்ந்து ஆரம்பிக்கறேன்.

தம்பி: தினமுமா?

அத்தான்: வரிசைன்னா சும்மாவா?

தம்பி: அத்தான், என்னைப் பாருங்க. உங்களுக்கு இது சரியாகவே வேண்டாம். அப்படித்தானே?

அத்தான்: அந்தப் பிளேயரைக் கொடு, துடைச்சு வைக்கறேன்.

தம்பி: சரியாக வேண்டாம்னா என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?

அத்தான்: பெரிய கம்பெனி மேனேஜரே வந்து பார்த்தும் ஆகலன்னா, உங்க அக்கா கொஞ்சம் வாயை மூடுவாளேன்னு...

தம்பி: என்னால முடியாதுங்கறதுல அவ்வளவு நம்பிக்கை.

அத்தான்: போன தடவை பிரிண்டரைச் சரி பண்ணினியே, அந்த அனுபவம்தான்.

தம்பி: இருக்கட்டும். இப்ப எனக்கு ரோஷம் வந்துடுச்சு. இதைச் சரி பண்ணாம இந்த வீட்டுல பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன். பிளேயரோட இந்த ஒயர் எங்க போகுது? மேசைக்குப் பின்னாடியா?

அக்கா: அங்க கையை விடாதே. ஷாக் அடிக்கும்.

தம்பி: இந்த ஒயர்ல ஷாக் அடிக்காதுக்கா.

அக்கா: பூச்சி பொட்டு இருக்கும். பெருக்கி மாசக்கணக்காச்சு.

தம்பி: நீயா, பெருக்காம மாசக்கணக்கா விட்டிருக்கே? தள்ளு... இந்தா, ஒயர் கம்ப்யூட்டருக்கே போகல. சுவத்தோரமா ஒரு டப்பாவுக்குப் போகுது. நாலு ஒயர் மாட்ட நாலு ஓட்டை, அதுலேர்ந்துதான் கம்ப்யூட்டருக்குப் போகுது. இது அந்தக் காலத்து டப்பா ஆச்சே. இதுக்குள்ள போனா எதுவும் நத்தை மாதிரிதான் ஊரும். இதைக் கழட்டிட்டு, ஒயரை நேரா கம்ப்யூட்டர் முதுகுல மாட்டறேன்... பாட்டை மறுபடி இழுத்துப் போட்டாச்சு, அவ்வளவுதான். அத்தான், எவ்வளவு காட்டுது?

அத்தான்: ரெண்டு... நிமிஷம்.

தம்பி: பார்த்தீங்களா?

அத்தான்: ரெண்டு நிமிஷத்துல ஆயிரம் பாட்டா? இவ்வளவு வேகம் நல்லதில்ல மச்சான். பாட்டுக்கு அடிபட்டுடும்.

தம்பி: பாட்டுக்கு ஒண்ணும் ஆகாது. இந்த டப்பாவை யார் வச்சது, அதைச் சொல்லுங்க.

அத்தான்: நான் வைக்கல. சத்தியமா. பாட்டை அழிச்சது நான், ஒத்துக்கறேன். டப்பா நான் இல்ல. அது பரண்ல எங்கயோ கிடந்தது. நாற்காலி மேல ஏறினாலே எனக்குத் தலை சுத்தும். மேசைக்கு அடியில குனிஞ்சா, எழுப்பி விட ஆள் வேணும்.

தம்பி: வீட்டுல இருக்கறது ரெண்டே பேர்.

அக்கா: பெருக்கும்போது மாறியிருக்கும்.

தம்பி: இப்பதான் பெருக்கவே இல்லைன்னே. டப்பா பரண்லேர்ந்து தானா இறங்கி, ரெண்டு பக்கமும் தானா மாட்டிக்கிட்டு, சுவத்தோரம் போய் ஒளிஞ்சுக்கிச்சா?

அக்கா: தள்ளு, அந்தக் காபியைச் சூடு பண்ணிட்டு வரேன்.

அத்தான்: நீயா? தினம் விடிஞ்சா நடங்க நடங்கன்னு என் உயிரை வாங்கினது நீ...

அக்கா: வாங்கினேன். வாயாலதான் சொன்னேன். எங்க நிஜமாவே ஷூவை எடுத்துடுவீங்களோன்னு கண்ணு கட்டிலுக்கு அடியிலயேதான் இருந்துச்சு.

தம்பி: டப்பாவுல மாட்டினா மெதுவாப் போகும்னு உனக்கு எப்படிக்கா தெரியும்?

அக்கா: நீ பிரிண்டரைச் சரி பண்ணிட்டுப் போனதுக்கப்புறம் அதை நிஜமாச் சரி பண்ண ஒரு ஆள் வந்தாரு. இந்த டப்பா இருந்தா எல்லாம் இழுக்கும், தூக்கிப் போடுங்கம்மான்னாரு. நான் எந்தக் காலத்துல எதைத் தூக்கிப் போட்டிருக்கேன்?

அத்தான்: அதெல்லாம் இருக்கட்டும். எதுக்குப் பண்ணினே? அதைச் சொல்லு.

அக்கா: சொல்லட்டுமா?

அத்தான்: சொல்லேன்.

அக்கா: மூணாவது நாள் சாவியை வச்சிட்டுப் போயிட்டீங்க. நானும் வெளியில கிளம்பணும். கொடுத்துடலாம்னு பின்னாலயே ஓடி வந்தேன். பள்ளிக்கூடச் சுவர் ஓரமா உட்கார்ந்திருந்தீங்க. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு... முகமெல்லாம் வேர்த்து வழிஞ்சு... நான் வாயெடுத்துக் கூப்பிடறதுக்குள்ள எழுந்து, சட்டையால முகத்தைத் துடைச்சுட்டு, எதிர்ல வந்த யாரையோ பார்த்துச் சிரிச்சு, சௌக்கியமான்னு வேற விசாரிச்சீங்க. நான் சந்து வழியா உங்களுக்கு முன்னாடி வீட்டுக்கு வந்துட்டேன். உள்ள வந்ததும் சொல்லுவீங்கன்னு காத்திருந்தேன். தண்ணி கேட்டீங்க. மறுநாள் பாட்டு வேணும்னீங்க.

தம்பி: பத்து நாளாச்சேக்கா. ஒரு வார்த்தை நீ கேட்டிருக்கலாமே?

அக்கா: கேட்டா ஆமான்னு சொல்லிடுவாரோன்னு பயமா இருந்துச்சுடா. தப்புதான். அந்த நிமிஷமே இழுத்துட்டுப் போயிருக்கணும். நாளைக்கு டாக்டர் முன்னாடி போட்டு உடைச்சுடணும்னு பல்லைக் கடிச்சுட்டு இருந்தேன். அதுவரைக்கும் இவரு தனியா ரோட்டுல எங்கயும் போய் விழுந்துடக் கூடாது. அதுக்குத்தான் டப்பா.

தம்பி: அத்தான்...

அத்தான்: பாட்டு ஏறிடுச்சா பாரு.

தம்பி: அது எப்பவோ ஏறிடுச்சு. பேச்சை மாத்தாதீங்க. அக்கா சொல்றது நிஜமா?

அத்தான்: சாதாரண வாயு. எல்லாருக்கும் வர்றதுதான்.

அக்கா: பாருடா. இன்னும் வாயுவாம்.

தம்பி: வாயுவா இல்லையான்னு டாக்டர் சொல்லட்டும். நாளைக்கு எதுக்கு, இப்பவே கிளம்புங்க, ஆஸ்பத்திரில யாராவது இருப்பாங்க. வண்டி வாசல்லதான் நிக்குது. போனதும் இதைச் சொல்லணும் அத்தான். ஒரே ஒரு நாள், மூணாவது நாள் மட்டும் நெஞ்சைப் பிடிச்சுதுன்னு நீங்களே உங்க வாயால சொல்லணும்.

அத்தான்: மூணாவது நாள் இவ பார்த்தா, அவ்வளவுதான்... முதல் ரெண்டு நாளும் அதே சுவர் ஓரமாத்தான் உட்கார்ந்தேன். நீயே சொல்லிடும்மா டாக்டர்கிட்ட. எனக்கு வாய் வராது.