கோல் போடாதவரின் கீழ்க்கட்டில்

"கோல் போடாதவனுக்குக் கீழ்க்கட்டில் எதுக்குங்கேன்?"

அமீரகத்தில், அல் ஐன் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில், மடியில் ஹாக்கி மட்டைகளோடு இரண்டு கோவில்பட்டிக்காரர்கள். கேள்வி கேட்டவர் இளையவர். பேச்சு, அவர்களுடைய தொழிலாளர் கேம்ப் அணியின் ஃபார்வர்டு முருகேசனைப் பற்றியது. நான் கைப்பேசியில் மூழ்கியிருப்பதாகப் பாவனை செய்தேன்.

"கட்டில் மட்டுமா அண்ணாச்சி? மீன் வாங்குனா நடுத்துண்டு அவனுக்கு. ரூம்ல எல்லாரும் முறை வச்சுச் சமைக்கோம், ஃபார்வர்டுன்னு அவனுக்கு மட்டும் சமையல் டூட்டி கிடையாது. இந்த சீசன்ல ஒரு கோல் போட்டிருக்கானா?"

"போட்டானே. நம்ம போஸ்ட்ல."

"இந்த வருசமாவது கப்பு வாங்கணுமா வேண்டாமா? அவனப் பக்கத்து கேம்ப்புக்குக் குடுத்துட்டு, அவங்க கோல்கீப்பர வாங்கிருவோம்."

"கேட்டுப் பாத்துட்டேன்டே. 'ஆட்டம் கிடக்கட்டும், ரூமுக்கு வந்தா சமைப்பானா'ன்னாங்க. எனக்குப் பொய் வரல."

"அப்ப டீம விட்டே தூக்குவோம். சலுகை எல்லாம் கட். கலாஸ், முடிஞ்சுது!"

"தூக்கு. நாளைலேர்ந்து சமையல்ல அவனுக்கும் முறை வரும்."

இளையவரின் குரல் இறங்கியது.

"போன வருசம் ஒரு சாம்பார் வச்சானே..."

"பூனைகூட வாய் வைக்கல."

"ஃபார்வர்டாவே இருக்கட்டும் அண்ணாச்சி. கப்ப அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்."

இருவரும் சிரித்தபடி இறங்கினார்கள். என் அலுவலகத்தில் பல ஆண்டுகளாக என்னை அதே நாற்காலியில் வைத்திருப்பது என் திறமைக்குச் செய்யும் மரியாதை என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன்.