பிறின்சியின் கை

காற்றுக் காலத்தில் மன்னாரில் கார் கழுவுவது வீண்வேலை. துடைத்து முடிப்பதற்குள் உப்பும் மணலும் மறுபடி வந்து படிந்துவிடும். ஆனாலும் என் தங்கை பிறின்சி சனிக்கிழமை தவறாமல் தன் காரைக் கழுவுவாள். அந்தக் காரின் மேல் அவளுக்கு எவ்வளவு பிரியம் என்று தெரியாவிட்டால், ஐயா, நான் சொல்லப்போவது உங்களுக்கு விளங்காது.

என் பெயர் அகஸ்ரினா. பட்டினத்தில் ஒரு கராஜில் கார்களின் மின்சார வேலை பார்க்கிறேன். தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்தபோது பழகிய தொழில். அம்மா அந்த முகாமில்தான் இறந்தார். அதன் பிறகு பிறின்சியை வளர்த்தது நான். சின்ன வயதில் அவள் எல்லாவற்றுக்கும் பயப்படுவாள். இடிக்குப் பயம், நாய்க்குப் பயம், முகாமைப் பார்வையிட வரும் அதிகாரிகளுக்குப் பயம். ஓடிவந்து என் சட்டையைப் பிடித்துக்கொள்வாள். மன்னார்த் தீவில் எங்கள் ஊரான தோட்டவெளிக்குத் திரும்பி வந்து, படித்து, பெரியமடுவில் ஆசிரியையான பிறகு அந்தப் பயமெல்லாம் போய்விட்டது. தானே கார் ஓட்டி, தீவிலிருந்து பெருநிலத்துக்குப் போகும் பாலம் தாண்டிப் போய்வந்தாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மே மாதத்தில் ஒரு மத்தியானம் அவள் வெளிறிப்போய் வந்தாள். பாலத்தில் நேராக ஓடிக்கொண்டிருந்த கார் திடீரென்று ஒரு பக்கம் இழுத்ததாம். வாசலிலேயே நின்று என் கையைப் பிடித்தாள். அவள் என்னை அப்படிப் பிடித்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்தேன். பழுது எதுவும் பதிவாகியிருக்கவில்லை. சென்சர்கள் சொல்லும் எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. கார் சறுக்காமல் காக்கும் அமைப்புக்கு இருக்கைகளின் நடுவே, கம்பளத்துக்குக் கீழே ஒரு சென்சர் இருக்கிறது. கார் பக்கவாட்டில் தள்ளப்படுகிறதா என்று அது சொல்லும். கார் மட்டமான தரையில் நின்றது. சென்சரோ தள்ளப்படுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அதைத் தாங்கும் தகடு வளைந்திருந்தது. சென்சர் சொன்னதை நம்பி, சறுக்கலைத் தடுப்பதாக நினைத்து, அமைப்பு ஒரு பக்கச் சில்லுக்கு மட்டும் பிறேக் போட்டிருக்கிறது. அதிகம் வளைந்திருந்தால் எச்சரிக்கை விளக்கு எரிந்திருக்கும். கொஞ்சம் என்பதால் கார் நம்பிவிட்டது.

தகட்டை நிமிர்த்தினேன். கார் சரியாகிவிட்டது.

அடுத்த மாதம் அவள் றொசாந்தனைப் பற்றிச் சொன்னாள். ஓலைத்தொடுவாய்க்காரர், அதே பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவர். கலியாணம் முடிந்ததும் பெரியமடுவிலேயே வீடு எடுப்பார்களாம்.

"நீங்கள் தனிய இருப்பீங்களே அக்கா?" என்று கேட்டாள்.

"எனக்கென்ன பயம்" என்றேன்.

அடுத்த நாள் தகட்டை முன்பு இருந்த அளவுக்கு வளைத்துவிட்டேன். அதைவிடக் கூட வளைக்கவில்லை.

இரண்டாம் முறை இழுத்தபோது அவள் காரைத் தெருவோரம் நிறுத்திவிட்டு அழுதிருக்கிறாள். "அக்கா, கார் தன்ரபாட்டில இழுக்குது" என்றாள்.

"ஸ்கேனர் போட்டுப் பாத்தனான். கார்ல ஒண்டுமில்லை. உன்ர கைதான் பதறுது."

அவள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பாலத்தில் ஊர்ந்து போகத் தொடங்கினாள். பின்னால் வருகிற பஸ்கள் ஹோர்ன் அடித்தால் உடம்பெல்லாம் வியர்க்கும் என்றாள். பிறகு லீவு எடுத்தாள். சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கும்போதும் கை நடுங்கியது. என் அறையில் வந்து படுக்கத் தொடங்கினாள். கடைக்குப் போவதென்றாலும் என்னோடுதான். ஒரு பிள்ளை பத்திரமாக இருக்கிறது என்று தெரியும்போது வருகிற நிம்மதியை நீங்களும் அறிந்திருப்பீர்கள்.

றொசாந்தன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தார். நல்ல மனிதர், குரலை உயர்த்தாதவர். "பிறின்சியின்ர கையில பிழையில்லை அக்கா. கார்லதான் ஏதோ இருக்கு. நாளைக்கு வவுனியாவில ஒரு இடத்தில காட்டுவம்" என்றார். அதற்கு முன், அன்றே அவள் ஓட்ட, தான் பக்கத்தில் இருந்து பார்க்கப்போவதாகச் சொன்னார்.

அப்போது எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தால் எவருக்கும் தெரிந்துவிடும். கார் பாலத்தில் இன்னொரு தடவை இழுத்தால், அவள் ஸ்ரியறிங்கை விட்டுவிட்டு அழுவாள், அவள் கைதான் பிழை என்று நம்பி அவரும் வவுனியாப் பேச்சை விட்டுவிடுவார் என்று கணக்குப் போட்டேன். காற்று அன்று பலமாக வீசியது. அதையும் கவனித்தேன்.

பிறின்சி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். முகத்தில் இரத்தமே இல்லை. "அக்கா, போகட்டே?"

நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். "ஓம், போட்டு வா" என்றேன்.

பாலத்தின் தொடக்கத்தில் ஒரு கழுதை குறுக்கே வந்திருக்கிறது. அவள் சரியாகத்தான் வெட்டித் திருப்பியிருக்கிறாள். கார்தான் அவளை நம்பாமல், பிழையான சில்லைப் பிடித்திருக்கிறது. கரையால் உருண்டு றொசாந்தன் இருந்த பக்கமாகத் தண்ணீரில் விழுந்தது. அவரை வெளியே எடுக்கும்போது உயிர் இல்லை.

ஆஸ்பத்திரியில் பிறின்சி கண் திறந்து என்னைத்தான் தேடினாள். "நீங்கள் சொன்னது சரி அக்கா. என்ர கைதான்."

அவள் தலையைத் தடவி "ஓம்" என்றேன். அந்த நேரத்தில் வேறு என்ன சொல்ல முடியும்?

இப்போது அவள் வீட்டில் இருக்கிறாள். அதிகம் பேசுவதில்லை. கிணற்றடிக்குப் போவதற்கும் என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். அவள் மேல் வழக்குப் போடப்போகிறீர்கள் என்று அறிந்தேன். மறியலில் அடைத்தால் அவளை யார் பார்ப்பார்கள்? அதனால்தான் வந்தேன். தகட்டை வளைத்தவள் நான். தெரிந்துகொண்டே அவர்களை அனுப்பியவளும் நான். றொசாந்தனைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்து வைக்க வேண்டுமோ வைக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், ஐயா. இதைப் பிறின்சிக்குச் சொல்லாதீர்கள். தன் கையில் பிழையில்லை என்று தெரிந்தால், அவள் மறுபடியும் கார் ஓட்டத் தொடங்கிவிடுவாள்.